காதுகுத்து வீடியோவும் வெட்டும் வேகமும்: எவ்வளவு நேரம் காட்டினால் கண் நிறையும்?

மிக்சிங்_மேலூர்

மேலூர் பக்கம் விசேஷ வீடியோ எடுக்கிறேன். எடுத்ததை வெட்டி ஒட்டும் மிக்சிங்கும் நானேதான். பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். போன மாதம் முடிந்த ஒரு காதுகுத்து பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

தாய்மாமன் சீர் பெரிய சீர். முன்னால் உறுமியும் தவிலும், பின்னால் நாற்பது ஐம்பது தாம்பாளம், இரண்டு கிடாய், வேன் வேனாகச் சொந்தக்காரர்கள். மண்டப வாசலுக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு கேமராவும் ஒரு ட்ரோனும் வைத்திருந்தேன். பழையபடி மூன்று மணி நேரம் கொடுக்காமல், இந்தத் தடவை மொத்தத்தையும் 22 நிமிடத்தில் முடித்தேன். சீர் ஊர்வலம் மட்டும் 50 நொடி. உறுமியின் அடிக்கு அடி வெட்டு. எந்த ஷாட்டும் ஒன்றரை நொடிக்கு மேல் நிற்காது. இளவட்டங்கள் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அம்மாச்சி மட்டும் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "எம் மகன் சீர் தூக்கிட்டு வந்தானே, அது எங்கய்யா?" திரும்ப ஓட்டினேன். "வந்துச்சா? நான் பாக்கலையே." மூன்று தடவை ஓட்டினேன். கடைசியில் "பாத்தேன்யா, ஆனா கண்ணு நெறயல" என்றார்.

அவர் மகன் அந்த 50 நொடியில் ஆறு ஷாட்டில் இருக்கிறார். எண்ணிப் பார்த்துவிட்டேன். வயதானவர் என்பதால் தெரியவில்லையா, என் வெட்டுதான் தவறா? இரண்டு வாரமாக இதே நினைப்பு. அப்படியே இன்னொன்று: ஒரு காட்சி மங்க இன்னொன்று தெளியும் டிசால்வ் போட்டால் பழைய காலத்து வீடியோ என்கிறார்கள். உண்மையிலேயே அதற்கு இனி வேலை இல்லையா?


அசிஸ்டென்ட்_உசிலை

அண்ணே, எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டி. இப்போது சென்னையில் ஒரு எடிட்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். நீங்கள் சொன்ன கணக்கை வைத்தே பேசலாம்.

உங்கள் வீடியோ நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனித்தனிப் படம். ஒன்றரை நொடி என்றால் 37 பிரேம். ஷாட் மாறியதும் கண் பழைய இடத்தில்தான் இருக்கும். புது ஷாட்டில் பார்க்க வேண்டியது வேறு மூலையில் இருந்தால், அதை உணர்ந்து அங்கே தாவ ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அது இளைஞனின் கண்ணுக்கே. அதாவது 5 பிரேம் போய்விட்டது. போன இடத்தில் ஆள் இல்லை, பக்கத்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இன்னொரு 5. நாற்பது தாம்பாளம் வரும் கூட்டத்தில் நாலைந்து முகம் தேடினாலே ஷாட்டில் பெரும்பங்கு தேடுவதிலேயே தீர்ந்துவிடும். மகனைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் நீங்கள் கிடாயைக் காட்டிவிடுகிறீர்கள்.

வெளியாள் பார்த்தால் இந்தச் சிக்கல் இல்லை. அவனுக்கு அது "பெரிய சீர் வருகிறது" என்ற ஒரே செய்தி. ஒன்றரை நொடி தாராளம். அம்மாச்சிக்கு அந்த ஷாட்டில் நாற்பது செய்தி இருக்கிறது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, மருமகள் என்ன சேலை, பட்டுத் தட்டை யார் கையில் கொடுத்தான், மகன் முகம் வாடியிருக்கிறதா, சிரிக்கிறதா. உங்கள் வேகம் வெளியாளுக்குச் சரியான வேகம். வீடியோ யாருக்காக என்பதுதான் கேள்வி.

ஒரு சோதனை சொல்கிறேன். ஊர்வலத்தின் ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, வெட்டுக்கு முந்தைய பிரேமில் பார்க்கிறவர் கண் இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொட்டு ஒட்டுங்கள், திரையிலேயே. அடுத்த பிரேமில் மகன் அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் வருகிறாரா பாருங்கள். வந்தால் ஒரு நொடி ஷாட்டைக்கூட அம்மாச்சி பிடித்துவிடுவார்.


கீழமாசி

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலம் மாறிவிட்டது. டேவிட் பார்ட்வெல் என்ற ஆய்வாளர் ஹாலிவுட் படங்களின் ஷாட் நீளங்களை எண்ணியே எழுதியிருக்கிறார். 1930 முதல் 1960 வரை ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 நொடி நின்றது. 2000 வாக்கில் அது 3 முதல் 6 நொடிக்கு வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் பழகிவிட்டார்கள். மூன்று மணி நேரக் காதுகுத்து வீடியோவை இன்று யார் உட்கார்ந்து பார்ப்பது? அண்ணன் செய்தது சரிதான். ஒரு ஆளுக்குத் தெரியவில்லை என்பதற்காக எல்லாரையும் கொட்டாவி விட வைக்க முடியாது.


ஆபரேட்டர்_மகன்

கீழமாசி தம்பி, பழகிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எதற்குப் பழகினார்கள், எங்கே உட்கார்ந்து பழகினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்பா மதுரையில் முப்பது வருடம் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். நான் கேபினிலேயே வளர்ந்தவன். புரொஜெக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரியும் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். 2000 அடி ரீல் 22 நிமிடம். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு பொட்டு வரும், நாலே நாலு பிரேம். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது பொட்டு. அதில் மாற்ற வேண்டும். சரியாக மாற்றினால் கீழே இருக்கும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா மாற்றுவது எனக்கே தெரியாது. அதனால் வெட்டு என்பது கண்ணுக்குத் தெரியக் கூடாத ஒன்று என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தங்கம் தியேட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952இல் 'பராசக்தி'யோடு திறந்தது. 2,500க்கும் மேல் இருக்கை. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அப்படி ஒரு கொட்டகையில் ஒரு நகைச்சுவை வசனம் வந்தால் சிரிப்பு முன்வரிசையில் தொடங்கி பால்கனி வரை போய் அடங்க நாலைந்து நொடி ஆகும். அந்த நேரத்தில் அடுத்த வசனத்தை வைத்தால் அது யார் காதிலும் விழாது. அதனால்தான் நல்ல எடிட்டர்கள் சிரிப்புக்குப் பிறகு ஒரு வெற்று முகத்தையோ, நடந்து போகும் ஷாட்டையோ வைத்து இடம் விட்டார்கள். கதாநாயகன் வரும்போதும் அதேதான். காலைக் காட்டு, நிழலைக் காட்டு, திரும்புவதை மெதுவாகக் காட்டு. விசில் அடங்கிய பிறகுதான் முதல் வசனம். வீட்டில் தனியாகப் பார்க்கிறவனுக்கு அது இழுவை. முதல் நாள் முதல் காட்சியில் இருந்தவனுக்கு அந்த இடம் போதவே போதாது.

பிள்ளைகள் போனில் பார்க்கிற வேகமும் கூடத்தில் இருபது சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டே பார்க்கிற வேகமும் ஒன்றாக இருக்க முடியாது. காதுகுத்து வீடியோவைப் பேசாமல் பார்த்த குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள். "அந்தா பாரு, நம்ம சின்னத்தா" என்று ஒருவர் சொல்லி மற்றவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மேலூர் தம்பி மூன்று ஷாட் தாண்டியிருப்பார்.


நாடகமேடை

ஆபரேட்டர் மகன் சொல்வதைப் படித்ததும் ஸ்பெஷல் நாடகம் ஞாபகம் வந்தது. என் தாய்மாமா ஆர்மோனியம். வருடத்தில் பாதி ராத்திரி திருவிழா மேடைகளில்தான் இருப்பார்.

ஒத்திகை கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியான ஸ்திரிபார்ட் ஒரு ஊர். சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விடிய விடிய வள்ளி திருமணம். பபூன் வந்து பேசிப் பாடி, அடுத்து டான்ஸ் வந்து இருவரும் வம்பளந்து, அதன் பிறகுதான் கதை. வெளியூர்க்காரர்கள் "எப்போது கதைக்கு வருவார்கள்" என்பார்கள். ஊர்க்காரர்கள் கேட்பதில்லை. பாய் விரித்து, பிள்ளையைப் படுக்க வைத்து, வெற்றிலை மடித்து, பக்கத்து ஊர்ச் சம்பந்தி வந்திருக்கிறாரா என்று பார்த்து முடிக்க அந்த நேரம் வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு காட்சி முடிந்து அடுத்த ஆள் மேடைக்கு வருவதற்குள் இடைவெளி விழும். மாமா ஆர்மோனியத்தில் கையை எடுக்கவே மாட்டார். போன பாட்டின் சுருதியைப் பிடித்தபடியே இருந்து, மெல்ல அடுத்த பாட்டின் ராகத்துக்குள் நுழைந்துவிடுவார். ஆள் வெளியே வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரியும், அடுத்து வருவது முருகன் என்று. மேடை காலி, ஆனால் நாடகம் நிற்கவில்லை. சினிமாவில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குச் சொல்லுங்கள்.


அசிஸ்டென்ட்_உசிலை

ஜே கட் என்பார்கள் அண்ணே. அடுத்த காட்சியின் சத்தம் முதலில் வரும், படம் பிறகு வரும். எடிட்டிங் கணினியின் டைம்லைனில் சத்தத்தின் கட்டை இடப்பக்கம் நீண்டு ஆங்கில J எழுத்து மாதிரியே தெரியும். போன காட்சியின் சத்தம் அடுத்த படத்தின் மேலும் தொடர்ந்தால் எல் கட். உங்கள் மாமா கையில் இரண்டுமே ஒரே மூச்சில் இருந்திருக்கின்றன.

மேலூர் அண்ணனுக்கு நேராகப் பயன்படுவது இதுதான். சீர் வருவதை உறுமி அடிக்கு வெட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பதில், மண்டபத்துக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்திலேயே இருங்கள். தூரத்தில் உறுமி கேட்கட்டும். பக்கம் வரட்டும். குழந்தையோ அம்மாவோ வாசல் பக்கம் திரும்பட்டும். அப்போது வாசலுக்கு வெட்டுங்கள். அம்மாச்சியின் கண் உங்களுக்கு முன்னாலேயே வாசலில் இருக்கும்.


மல்லிகை_சிந்தாமணி

நான் சினிமாத் துறை இல்லை. இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அக்கா கல்யாணம் 1998இல் நடந்தது. வீடியோ கேசட். அட்சதை விழும்போது நட்சத்திரம் பறக்கும், அக்கா மூலையில் வட்டத்துக்குள் சிரிப்பாள், பக்கம் புரளும். எல்லாம் உண்டு. அதில் பந்தியில் ஒரு இடம். வீடியோக்காரர் கேமராவை ஓர் இலைக்கு எதிரே நிறுத்திவிட்டு என்ன செய்தாரோ, அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அப்பா சாம்பார் வாளியோடு வருகிறார். இலை இலையாகக் குனிகிறார். ஒருவர் வேண்டாம் என்று கையை மறிக்கிறார், அப்பா கெஞ்சுகிறார், கொஞ்சமாக ஊற்றுகிறார். தோளில் கிடக்கும் துண்டால் நெற்றியைத் துடைக்கிறார். வரிசை முடிந்து திரும்பும்போது ஒரு விநாடி கேமராவைப் பார்த்து, யாரோ கூப்பிட்டதும் போய்விடுகிறார். நாற்பது நொடி இருக்கும். அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் நடக்கிறது, குனிகிறது, ஆளைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறது, அதெல்லாம் எங்களிடம் வேறு எங்கேயும் இல்லை. போட்டோவில் விறைப்பாக நிற்கிறார்.

இன்றைக்கு ஒரு நல்ல எடிட்டர் கையில் அந்தக் கேசட் போயிருந்தால் அந்த நாற்பது நொடி இருந்திருக்காது. சாம்பார் ஊற்றுவது ஒரு ஷாட், சிரிப்பது ஒரு ஷாட், அவ்வளவுதான். அம்மாச்சி கண் நிறையவில்லை என்று சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது. அது வயதுக் கோளாறு இல்லை.


ஆபரேட்டர்_மகன்

அம்மா, இதற்கு மேல் நான் என்ன சொல்ல.


கீழமாசி

மல்லிகை அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தில் பாதியை விட்டுவிடுகிறேன். குடும்ப வீடியோவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சினிமாவுக்கு? மதுரைக் கதை என்றாலே வேகம்தானே. அருவா, பைக், ஓட்டம்.


அசிஸ்டென்ட்_உசிலை

தம்பி, அதுதான் இல்லை. 2006க்கான சிறந்த படத்தொகுப்புத் தேசிய விருது 'பருத்திவீர'னுக்காக ராஜா முகமதுவுக்கு. 2010க்கானது 'ஆடுகள'த்துக்காக டி. இ. கிஷோருக்கு. 2014க்கானது 'ஜிகர்தண்டா'வுக்காக விவேக் ஹர்ஷனுக்கு. மூன்றும் மதுரை மண்ணின் கதைகள். இந்த மூன்றையும் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள், நான் பார்த்திருக்கிறேன். அடிதடியில் எவ்வளவு வேகமோ, அதற்கு முன்னால் அவ்வளவு பொறுமை. திண்ணையில் உட்கார்ந்து சும்மா பேசுகிற இடம், டீக்கடை, முறைப்பு. ஆள் யாரென்று நமக்குப் பழகிய பிறகுதான் கத்தி வெளியே வரும். முதலிலேயே வேகமாக வெட்டியிருந்தால் வெட்டுப்படுகிறவன் நமக்கு யாரோ ஒருவன்.

'ஆடுகள'த்துச் சேவல் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சேவலைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கும் எது ஜெயிக்கிறது என்று புரிவது சுற்றி நிற்கும் முகங்களால். நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் இயக்குநர் லெவ் குலெஷோவ் காட்டியது அதுதான். ஒரே நடிகனின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம். முகம் மாறவில்லை, பக்கத்துத் துண்டுதான் மாறியது. ஆனால் அந்த முகத்தை நாம் படிக்கும் அளவுக்கு நேரம் கொடுத்தால்தான் இது வேலை செய்யும். கிஷோர் 2015இல் போய்விட்டார். அதன் பிறகு 'விசாரணை'க்காகவும் அவருக்கே அந்த விருது வந்தது. அவர் வேலையைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.


மிக்சிங்_மேலூர்

எல்லாருக்கும் நன்றி. பொட்டு ஒட்டிப் பார்த்தேன். ஆறு ஷாட்டில் நாலில் மகன் பொட்டுக்கு எதிர்மூலையில் இருக்கிறார். மல்லிகை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, தூக்கிப்போட்ட ரஷ்ஷை, அதாவது எடுத்தபடியே கிடக்கும் வெட்டாத பதிவையெல்லாம் திரும்பப் பார்க்கிறேன். டிசால்வ் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே.


ஆபரேட்டர்_மகன்

அதைச் சொல்கிறேன். பிலிம் காலத்தில் டிசால்வ் சும்மா வராது. எடிட்டர் பாசிட்டிவில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார். லேபில் ஆப்டிகல் செய்து, ஒரு காட்சி மங்க இன்னொன்று தெளிய, புதிதாக ஒரு நெகட்டிவ் எடுப்பார்கள். காசும் ஆகும், நாளும் ஆகும். இன்னொரு தடவை பிரதி எடுப்பதால் படம் கொஞ்சம் மங்கி, புள்ளி புள்ளியாகத் தெரியும். டிசால்வ் வருவதற்கு ஒரு நொடி முன்பே எனக்குக் கேபினிலிருந்து தெரிந்துவிடும். இவ்வளவு செலவு என்பதால் தேவையான இடத்தில் மட்டும் போட்டார்கள். நாள் கழிந்தது, ஊர் மாறியது, பிள்ளை வளர்ந்தது. பார்க்கிறவர்களும் அப்படியே படிக்கக் கற்றார்கள். இப்போது பட்டனைத் தட்டினால் வருகிறது என்று தாலி கட்டுவதற்கும் தட்டு வைப்பதற்கும் நடுவில் போட்டால், "என்ன, மறுநாள் ஆகிவிட்டதா" என்று மனம் ஒரு நிமிடம் தடுமாறும். பழசு என்பதல்ல குறை, இடம் தவறியதுதான் குறை.


அசிஸ்டென்ட்_உசிலை

அதோடு ஒன்று. 1962இல் வந்த 'லாரன்ஸ் ஆப் அரேபியா'வில் தீக்குச்சியை ஊதியதும் பாலைவனத்துச் சூரிய உதயம் வருமே, அது திரைக்கதையில் டிசால்வ். ஆப்டிகல் வராததால் எடிட்டர் ஆன் கோட்ஸ் இரண்டு துண்டையும் வெறுமனே ஒட்டி ஓட்டிப் பார்த்தார். அதுவே சரியாக இருந்தது, அப்படியே விட்டார்கள். அதனால் நான் எப்போதும் முதலில் வெறும் வெட்டாக ஒட்டிப் பார்ப்பேன். மனது ஒப்பவில்லை என்றால்தான் டிசால்வ்.


மிக்சிங்_மேலூர்

மாற்றி முடித்துவிட்டேன். மொத்தம் 34 நிமிடம். ஊர்வலம் இப்போது இரண்டு நிமிடம் பத்து நொடி. அதில் குழந்தை முகத்தின் மேல் உறுமி கேட்பது 9 நொடி. அப்புறம் வாசல். தாய்மாமன் தட்டோடு படியேறி வந்து, அம்மாச்சி காலில் விழுந்து எழுந்து, தட்டைக் கொடுப்பது வரை ஒரே ஷாட், 41 நொடி. அதில் ஒருவர் குறுக்கே போகிறார், கேமரா ஒரு தடவை ஆடுகிறது. முன்பு அதற்காகத்தான் வெட்டியிருந்தேன். இப்போது வெட்டவில்லை. அதைத் தாண்டியதும் பழைய வேகத்துக்கே போய்விட்டேன், ஆட்டம் பாட்டமெல்லாம் அடிக்கு அடிதான். டிசால்வ் மொத்தமே இரண்டு. காலையிலிருந்து மதியப் பந்திக்கு ஒன்று, மொட்டை அடிப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தை முகத்தில் ஒன்று.

நேற்று கொண்டுபோய்ப் போட்டேன். 41 நொடியில் அம்மாச்சி மகனைப் பார்த்தது பாதி நேரம்தான். "நிப்பாட்டுய்யா" என்றார். பின்னால் தூண் ஓரத்தில், மங்கலாக ஒரு ஆள் வெறும் கையோடு நிற்கிறார். அம்மாச்சியின் தம்பியாம். ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். வந்துவிட்டு, சாப்பிடாமல் போயிருக்கிறார். வந்ததே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எடுத்த எனக்கும் தெரியாது.


நாடகமேடை

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன் தம்பி. அவரிடம் பேசினார்களா?


மிக்சிங்_மேலூர்

நான் கிளம்பும்போது போன் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.


மல்லிகை_சிந்தாமணி

மேலூர் தம்பி, எங்கள் கேசட்டைக் கணினியில் ஏற்றித் தர முடியுமா? நாலு வருடமாக பீரோவில் இருக்கிறது. உள்ளே டேப்பில் வெள்ளையாக ஏதோ படிந்த மாதிரி தெரிகிறது. ஒரு பழைய டெக் கிடைத்திருக்கிறது, போட்டுப் பார்க்கலாமா?


மிக்சிங்_மேலூர்

போடாதீர்கள் அக்கா. அது பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் டேப் ஹெட்டில் ஒட்டி அறுந்துவிடும், டெக்கும் கெடும். துடைக்கவும் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். ஈரம் இல்லாத இடத்தில், படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சிந்தாமணிப் பக்கம் ஒரு வளைகாப்பு இருக்கிறது, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சுத்தம் செய்துதான் ஓட்டுவேன். நட்சத்திரம், வட்டம் எதையும் எடுக்க மாட்டேன். முதல் பிரேமிலிருந்து கடைசி வரை உள்ளபடியே ஏற்றித் தருகிறேன்.